அமலுக்கு வராத சட்டமும் முடிவுக்கு வராத வழக்குகளும்

நாடாளுமன்றம் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்து, அரசிதழிலும் வெளியான சட்டம் ஒன்று பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரு நாள்கூட அமலில் இருந்ததில்லை. அது 2014ஆம் ஆண்டின் 17ஆவது சட்டம். முறைகேடுகளை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் என்று தமிழில் சொல்லலாம். மக்களவை 2011 டிசம்பரிலும், மாநிலங்களவை 2014 பிப்ரவரி 21 அன்றும் அதை ஏற்றன. 2014 மே 9 அன்று குடியரசுத் தலைவர் கையொப்பமிட்டார். 'மத்திய அரசு அறிவிக்கும் நாளில் இச்சட்டம் நடைமுறைக்கு வரும்' என்பது அதன் முதல் பிரிவில் உள்ள வழக்கமான வரி. அந்த நாள் இன்னும் அறிவிக்கப்படவில்லை.

இதைக் காரைக்கால் பகுதியிலிருந்து எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த மசோதாவை இரு அவைகளிலும் அரசுத் தரப்பில் முன்னின்று நடத்தியவர் அன்றைய பணியாளர் நலத் துறை இணை அமைச்சர் வே. நாராயணசாமி. புதுச்சேரி மக்களவைத் தொகுதியின் உறுப்பினர் அவர். திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த எங்கள் சுரக்குடியின் வாக்குகளும் அத்தொகுதியில்தான் எண்ணப்படுகின்றன. எங்கள் பிரதிநிதி கொண்டுசென்ற சட்டம் எங்களூர் ஊழியர் எவருக்கும் இதுவரை பயன்பட்டதில்லை.

அரசு அலுவலகம் ஒன்றின் வழக்குப் பிரிவில் எழுத்தராகச் சில ஆண்டுகள் இருந்தவன் நான். அலுவலகத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அங்கே பணி ஆய்வாளராக இருந்த ஒருவர், வாய்க்கால் தூர்வாரிய பணிக்காக, நாங்கள் எம்-புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தில் எழுதப்பட்ட கன அளவுக்கும் கரையில் கிடந்த மண்ணுக்கும் பொருத்தமில்லை என்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். 'என் பெயரை வெளியிட வேண்டாம்' என்று கடைசி வரியில் குறித்திருந்தார். ஆறு வாரம் கழித்து அந்தக் கடிதமே, அவரது கையொப்பத்துடன், 'அறிக்கை தருக' என்ற குறிப்போடு எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. யாரைப் பற்றி அவர் எழுதினாரோ அவரது மேசைக்கே அது போயிற்று. அடுத்த சில மாதங்களில் அந்த ஆய்வாளருக்குக் குறிப்பாணைகள் வரத் தொடங்கின: வருகையில் தாமதம், பதிவேட்டில் திருத்தம், மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவு. ஊதிய உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் தீர்ப்பாயத்துக்குச் சென்றார், வென்றார். துறை மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டுக்குப் பரிந்துரைத்த குறிப்பைத் தட்டச்சு செய்தவன் நான். மேல்முறையீடு செய்யத்தக்க வழக்கு என்று எழுதும்படி சொன்னார்கள், எழுதினேன். மனிதர் ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் அந்த வழக்கு முடிந்தது. அப்போதும் தீர்ப்பு அவர் பக்கமே இருந்தது.

அவரது கதையில் இரண்டு தவறுகள் உள்ளன. புகார் செய்தவரின் பெயர் வெளியானது முதலாவது. அவர் நீதி பெற்ற பிறகும் அரசு தன் வழக்குச் செலவுக் கணக்கிலிருந்து பணமெடுத்து அவரைத் துரத்தியது இரண்டாவது. முதல் தவறைப் பற்றி நம் நாட்டில் ஓரளவு பேசியிருக்கிறோம். இரண்டாவதைப் பற்றி அநேகமாகப் பேசியதே இல்லை. இரண்டையும் கேள்வி கேட்கக்கூடிய இடம் சட்டமியற்றும் அவை ஒன்றே என்பது என் கருத்து. ஏன் நீதிமன்றத்தைச் சொல்லவில்லை என்பதைப் பின்னர் விளக்குகிறேன்.

பெயர் வெளியானதால் உயிரே போன வழக்கை நாடு மறந்திருக்காது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்யேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளை விவரித்து அன்றைய பிரதமர் வாஜ்பாய்க்குக் கடிதம் எழுதினார். தன் பெயரை மறைக்கும்படி கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு அலுவலகங்களைச் சுற்றி வந்தது. 2003 நவம்பர் 27 அன்று கயையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து, கலப்பட எரிபொருள் விற்ற பங்கின் மீது நடவடிக்கை எடுத்த இந்தியன் ஆயில் நிறுவன அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் கொல்லப்பட்டார். தமிழ்நாட்டில், 2023 ஏப்ரலில், மணல் கடத்தலைப் பற்றிக் காவல் துறையில் புகார் அளித்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். எல்லோருக்கும் அரிவாள்தான் வரும் என்பதில்லை. மதுரை ஆட்சியராக இருந்த உ. சகாயம், கிரானைட் முறைகேட்டால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012 மே மாதம் அறிக்கை அனுப்பினார். அதே மாதம் அவர் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டார். பின்னர் 2014இல் சென்னை உயர் நீதிமன்றமே அவரைச் சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் சொன்னது.

துபே கொல்லப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2001 டிசம்பரில், சட்ட ஆணையம் தன் 179ஆவது அறிக்கையில் இத்தகைய பாதுகாப்புச் சட்டம் வேண்டும் என்று வரைவோடு பரிந்துரைத்திருந்தது. அவரது மரணத்துக்குப் பின் உச்ச நீதிமன்றம் அழுத்தம் கொடுத்ததால், 2004 ஏப்ரல் 21 அன்று மத்திய அரசு ஒரு தீர்மானம் வெளியிட்டது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் இத்தகைய புகார்களைப் பெற்று, பெயரை மறைத்து, விசாரிக்கும் என்பது அதன் சாரம். சட்டம் தூங்குவதால், இன்று நடைமுறையில் இருப்பது இந்தத் தீர்மானமே. மூடிய உறையில் அனுப்ப வேண்டும், உறையின் மேல் இது பொதுநல வெளிப்படுத்தல் புகார் என்று குறிக்க வேண்டும், அனுப்புநரின் பெயரை உறையின் மேல் எழுதாமல் உள்ளே தர வேண்டும், பெயரில்லாப் புகார் ஏற்கப்படாது. மத்திய அரசு ஊழியர்களும் அதன் நிறுவனங்களும் மட்டுமே இந்தத் தீர்மானத்தின் வரம்புக்குள் வருவர், மாநில அரசுகளின் ஊழியர்கள் வரமாட்டார்கள். இதற்கு நாடாளுமன்றச் சட்டத்தின் பலமும் கிடையாது. புகார் செய்தவரின் பெயரை வெளியிட்டவருக்குச் சிறைத்தண்டனை தர ஒரு நிர்வாகத் தீர்மானத்தால் இயலாது. (சிற்றூர்களில் உறையின் மேல் பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள் என்பது தில்லியில் விதி எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.)

சட்டம் அதைவிட வெகுதூரம் சென்றது. அடையாளத்தை வெளியிட்டால் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். துறைத் தலைவரிடம் கருத்துக் கேட்கும்போதுகூடப் பெயரைச் சொல்ல வேண்டுமானால் புகார் செய்தவரின் எழுத்துபூர்வமான முன் ஒப்புதல் தேவை. பழிவாங்கல் நடந்ததாக முறையிட்டால், அப்படி நடக்கவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு துறையின் மீது விழும். அலுவலக இரகசியச் சட்டம் 1923 இதற்குக் குறுக்கே நிற்காது. குறைகளும் இருந்தன. 'பழிவாங்கல்' என்றால் என்ன என்று சட்டம் வரையறுக்கவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய விவகாரங்களை எடுத்துக்கொள்ளாது. பொய் என்று தெரிந்தே கெட்ட எண்ணத்துடன் புகார் செய்தவருக்கு இரண்டாண்டு வரை சிறை. மாநில, ஒன்றியப் பகுதி அமைச்சர் ஒருவர் மீதான புகாரை முதலமைச்சரிடமும், சட்டமன்ற உறுப்பினர் மீதான புகாரைப் பேரவைத் தலைவரிடமும் தர வேண்டும் என்று வைத்திருந்தார்கள். முப்பது தொகுதிகளைக் கொண்ட புதுச்சேரி போன்ற பகுதியில் இது எத்தகைய பாதுகாப்பு என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

என்றாலும் அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு என்னை எப்போதும் ஈர்த்தது. புகார்களைப் பெறும் அதிகாரம் படைத்த அமைப்பு ஆண்டுதோறும் தன் செயல்பாட்டு அறிக்கையைத் தயாரித்து அரசுக்கு அனுப்ப வேண்டும், அரசு அதை நாடாளுமன்றத்தில் அல்லது சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. அப்படி ஓர் அறிக்கை அவையில் வைக்கப்பட்டால், எத்தனை புகார் வந்தது, எத்தனை தள்ளப்பட்டது, எத்தனை பேர் பழிவாங்கலுக்கு ஆளானதாக முறையிட்டனர் என்று கேட்க உறுப்பினர்களுக்கு ஒரு பிடி கிடைக்கும். சட்டமே அமலுக்கு வராததால் அந்தப் பிடியும் கிடைக்கவில்லை.

ஏன் அமலுக்கு வரவில்லை? நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு ஆகியவற்றைப் பாதிக்கும் தகவல்கள் வெளியாகாதிருக்கத் திருத்தம் தேவை என்பது அரசின் விளக்கம். அதற்கான திருத்த மசோதா 2015 மே 11 அன்று மக்களவையில் அறிமுகமாகி, மே 13 அன்றே நிறைவேறியது. நிலைக்குழுவுக்கு அனுப்பப்படவில்லை. மூல மசோதாவை 2010 முதல் 2011 வரை ஜெயந்தி நடராஜன் தலைமையிலான நிலைக்குழு ஆராய்ந்து அறிக்கை தந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1) பிரிவில் உள்ள விலக்குகளைத் தழுவிப் பத்து வகைத் தகவல்களைப் புகாரிலிருந்தே அகற்றியது அத்திருத்தம். ஆனால் அச்சட்டத்தின் 8(2) பிரிவு, பொதுநலன் மேலோங்கினால் விலக்குக்குள் வரும் தகவலையும் தரலாம் என்று சொல்வதைத் திருத்தம் எடுத்துக்கொள்ளவில்லை. குடிமகன் கேட்டால் கிடைக்கக்கூடிய தகவலை ஊழியர் ஒருவர் உரிய அமைப்பிடம் தரக் கூடாது என்ற விசித்திரமான நிலை இதனால் உருவாகியிருக்கும். மாநிலங்களவையில் அது நிறைவேறவில்லை. 2019இல் 16ஆவது மக்களவை கலைந்தபோது காலாவதியானது. அதன்பின் திருத்தமும் இல்லை, அறிவிக்கையும் இல்லை.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று கேட்பார்கள். 1981 டிசம்பரில் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. தடுப்புக்காவலில் வைக்கப்படுவோருக்குக் கூடுதல் பாதுகாப்பு தரும் 44ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் 3ஆவது பிரிவை நடைமுறைப்படுத்தும்படி அரசுக்கு ஆணையிட முடியாது என்றது அமர்வு. அமலாக்கும் நாளை முடிவு செய்யும் உரிமையை நாடாளுமன்றமே அரசிடம் விட்டிருக்கிறது, அரசு தவறினால் நாடாளுமன்றமே கணக்குக் கேட்க வேண்டும் என்பதே அதன் தர்க்கம். 1978இல் நிறைவேறிய அந்தப் பிரிவு இன்றும் அமலில் இல்லை. பின்னர் 1988இல் அல்டமேஷ் ரெயின் வழக்கில், அமலாக்குவது பற்றிப் 'பரிசீலிக்க' ஆணையிடலாம் என்ற அளவுக்கு நீதிமன்றம் வந்தது. அதற்கு மேல் இல்லை. அதனால்தான் நாடாளுமன்றத்தைச் சொல்கிறேன். அமைச்சர் அவையில் 'பரிசீலனையில் உள்ளது' என்று சொன்னால் அது உறுதிமொழியாகக் கருதப்பட வேண்டும். அதற்காகவே 1953 முதல் மக்களவையில் அரசு உறுதிமொழிகள் குழு உள்ளது. உறுதிமொழியை நிறைவேற்ற மூன்று மாதம் என்பது விதி. காலநீட்டிப்புக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும்.

இனி இரண்டாவது தவறு, அரசு தொடுக்கும் வழக்குகள். நாடாளுமன்றத்தில் 2025 பிப்ரவரியில் சட்ட அமைச்சகம் தந்த பதில்களின்படி, மத்திய அரசு ஒரு தரப்பாக உள்ள நிலுவை வழக்குகள் ஏறக்குறைய 7 லட்சம். அதில் நிதியமைச்சகத்தின் பங்கு மட்டும் 2 லட்சத்தை ஒட்டியது. பத்தாண்டுகளில் வழக்கு நடத்த 400 கோடி ரூபாய்க்கு மேல் செலவாகியிருக்கிறது. 2023-24இல் மட்டும் 66 கோடி. இந்தத் தொகை பெரிதில்லை என்று தோன்றலாம். எதிர்த்தரப்பில் நிற்பவரின் செலவும் ஆண்டுகளும் இதில் சேராது. 2022 ஏப்ரல் 30 அன்று முதலமைச்சர்கள், தலைமை நீதிபதிகள் மாநாட்டில் பேசிய அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா, நிலுவையில் ஏறக்குறைய பாதி வழக்குகளுக்கு அரசுகளே காரணம் என்று பிரதமர் முன்னிலையிலேயே கூறினார்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. சட்ட ஆணையம் 1984இல் 100ஆவது அறிக்கையிலும், 1988இல் 126ஆவது அறிக்கையிலும் இதையே எழுதியது. 2010 ஜூனில் வீரப்ப மொய்லி சட்ட அமைச்சராக இருந்தபோது தேசிய வழக்குக் கொள்கை வந்தது. பொறுப்பான, திறமையான வழக்காடியாக அரசு மாறும் என்றது அது. மாறவில்லை. சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இங்கே நினைவுகூர வேண்டும். அரசின் மீது வழக்குத் தொடுக்கும் முன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆவது பிரிவின்படி இரண்டு மாத அறிவிப்புத் தர வேண்டும். வழக்குக்குப் போகாமலேயே குறையைத் தீர்க்க அரசுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது. அந்த அறிவிப்புகளுக்குப் பெரும்பாலும் பதிலே வருவதில்லை என்று கண்ட நீதிமன்றம், பதில் தருவதற்குப் பொறுப்பான அதிகாரியை மூன்று மாதத்துக்குள் நியமிக்கும்படி எல்லா அரசுகளுக்கும் ஆணையிட்டது. எங்கள் பிரிவில் அத்தகைய அறிவிப்புகளை வைக்கத் தனி அடுக்கு இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்துப் பதில் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

துறைகள் ஏன் மேல்முறையீடு செய்கின்றன என்பதற்கு உள்ளே இருந்தவன் என்ற முறையில் என் விளக்கம் எளிது. மேல்முறையீடு வேண்டாம் என்று கோப்பில் எழுதும் அதிகாரி, நாளை தணிக்கை கேட்டால் பதில் சொல்ல வேண்டும். எதிர்த்தரப்போடு கூட்டுச் சேர்ந்தாரோ என்ற பேச்சும் எழும். மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதுபவரிடம் தோற்ற பிறகு எவரும் எதுவும் கேட்பதில்லை. முடிவு எடுப்பவர் ஒருவர், கட்டணம் கட்டுவது கருவூலம், காத்திருப்பது எதிர்த்தரப்பு. காலம் தவறினாலும் கவலையில்லை, 'கோப்பு பல நிலைகளைக் கடந்து வந்தது' என்ற ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். 2012இல் லிவிங் மீடியா வழக்கில் 427 நாள் தாமதத்தை மன்னிக்க மறுத்து, அந்த வாக்கியம் இனிச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அது மறைந்துவிடவில்லை.

இதே விதி புகார் செய்த ஊழியருக்கு எதிராகத் திரும்பும்போதுதான் கொடுமை முழுதாகத் தெரிகிறது. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தலைமைக் கண்காணிப்பு அதிகாரியாக 2012 முதல் 2014 வரை இருந்து முறைகேடுகளை வெளிக்கொணர்ந்த வனப் பணி அதிகாரி சஞ்சீவ் சதுர்வேதி, பதவியிலிருந்து அகற்றப்பட்ட பிறகு தம் பணிக் குறிப்பேட்டுக்காகத் தீர்ப்பாயத்திலும் நீதிமன்றங்களிலும் ஏறி இறங்கினார். 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்தது. எதிர்த்தரப்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019இல் அங்கே மேலும் 25,000 ரூபாய் விதிக்கப்பட்டது. மகசேசே விருது பெற்ற, நாடறிந்த அதிகாரிக்கே இந்த அலைச்சல். காரைக்காலில் பணிபுரியும் புதுச்சேரி அரசு ஊழியர் பணி தொடர்பான வழக்குக்குச் சுமார் 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் அமர்வுக்குச் செல்ல வேண்டும். அங்கே வென்றால் உயர் நீதிமன்றம், அங்கும் வென்றால் தில்லி. ஒவ்வொரு படியிலும் துறையின் சார்பில் வழக்கறிஞர் வருவார். ஊழியரின் சார்பில் அவரது சேமிப்பு வரும்.

நாடாளுமன்றம் இதைக் கேட்க முனைந்தால் ஒரு பழைய தடை குறுக்கே வரும். 'விவகாரம் நீதிமன்ற விசாரணையில் உள்ளது' என்பார்கள். விசாரணையில் உள்ள வழக்கின் நியாய அநியாயத்தை அவையில் விவாதிக்கக் கூடாது என்பது சரியான மரபு. ஆனால் ஒரு துறை கடந்த ஆண்டு தன் ஊழியர்களுக்கு எதிராக எத்தனை மேல்முறையீடு செய்தது, எத்தனையில் தோற்றது, எவ்வளவு கட்டணம் கொடுத்தது, மேல்முறையீட்டை எந்த நிலை அதிகாரி முடிவு செய்தார், முறைகேட்டைப் புகார் செய்த ஊழியர் எதிர்த்தரப்பாக உள்ள வழக்குகள் எத்தனை என்பவையெல்லாம் எந்த நீதிபதியின் முன்னும் இல்லாத கேள்விகள். பணக் கணக்கும் நிர்வாகக் கணக்கும் அவை. பொதுக் கணக்குக் குழு கேட்கலாம், சட்டத் துறைக்கான நிலைக்குழு மானியக் கோரிக்கையை ஆராயும்போது கேட்கலாம். கேட்டால் பலன் இருக்கும் என்பதற்கு வரித் துறையே சான்று. நேரடி வரி மேல்முறையீடுகளில் 80 விழுக்காட்டுக்கும் மேல் துறையே தொடுப்பவை, வெற்றியோ 30 விழுக்காட்டுக்கும் கீழே என்று 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை அம்பலப்படுத்தியது. குறைந்தபட்சத் தொகைக்குக் கீழுள்ள வழக்குகளில் மேல்முறையீடு கூடாது என்ற வரம்பு அதன் பிறகு படிப்படியாக உயர்ந்தது. 2024இல் தீர்ப்பாயத்துக்கு 60 லட்சம், உயர் நீதிமன்றத்துக்கு 2 கோடி, உச்ச நீதிமன்றத்துக்கு 5 கோடி என்றானது. எண்ணிக்கை வெளியே வந்தால் துறைகள் வெட்கப்படும். வரிக்குச் செய்ததை ஊழியர் வழக்குகளுக்கு எவரும் செய்யவில்லை. 2025 ஏப்ரலில் சட்ட அமைச்சகம் வழக்கு மேலாண்மைக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பலன் இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் அதுவும் அரசு தனக்குத்தானே எழுதிக்கொண்டது.

ஊழியர் நேரடியாகத் தம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதினால் என்ன? எழுதினால் குற்றம். 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளின் 20ஆவது விதி, பணி விவகாரத்தில் வெளியார் செல்வாக்கைக் கொண்டுவரத் தடை விதிக்கிறது. 11ஆவது விதி அலுவலகத் தகவலை அனுமதியின்றி வெளியிடத் தடை விதிக்கிறது. அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. அங்கே ஓர் அதிபரின் ஆணை இப்படித் தடுத்ததால், 1912இல் லாயிட்-லா ஃபாலெட் சட்டம் வந்தது. ஊழியர் காங்கிரஸ் அவைக்குத் தகவல் தரும் உரிமையை எவரும் தடுக்கக் கூடாது என்றது அச்சட்டம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் இராணுவத்துக்குப் பொருள் விற்றவர்களின் மோசடியைத் தடுக்க 1863இல் வந்த மற்றொரு சட்டத்தின்படி, மோசடியை அறிந்த தனிமனிதரே அரசின் சார்பில் வழக்குத் தொடுத்து, மீட்கப்படும் தொகையில் பங்கும் பெறலாம். அங்கே அரசின் வழக்கை நடத்த உதவுபவராகப் பார்க்கப்படுகிறவரை, இங்கே எதிர்த்தரப்பில் நிறுத்துகிறோம்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் பகுதியில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழும் குடும்பங்கள் பல. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைந்த பின்னும் அந்தத் தொடர்பு அறுபடவில்லை. அண்ணன் பிரான்சில் வேலை பார்க்க, தம்பி இங்கே அலுவலகத்தில் இருப்பது சகஜம். அண்ணனுக்கு 2016 டிசம்பரில் வந்த சப்பேன் இரண்டாம் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. முதலில் தம் நிறுவனத்துக்குள்ளேயே புகார் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையைக்கூட 2022 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள். அவர் நேரே வெளி அமைப்பிடம் போகலாம். தம்பி அதே முறைகேட்டைப் பார்த்தால், அவருக்கு இருப்பது நடத்தை விதிகள் மட்டுமே.

தம்பியின் நிலையை இன்னும் கடினமாக்குவது உள்ளூர்ச் சூழல். புதுச்சேரியில் 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. 2021இல் அறிவிக்கப்பட்டு, வார்டு ஒதுக்கீட்டுச் சிக்கலால் நீதிமன்றம் வரை சென்று நின்றுபோனது. ஆகவே கொம்யூன் பஞ்சாயத்தின் அளவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக் கேட்க எங்கள் தெருவில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவருமில்லை. அடுத்த நிலை, சுமார் 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சட்டப்பேரவை. அதில் காரைக்காலுக்கு ஐந்து உறுப்பினர்கள். அதற்கும் மேலே மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர்.

இப்போதும் அமலில் உள்ள ஒரு பாதுகாப்பைப் பற்றி எங்கும் எழுதப்படுவதில்லை. நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளிப்பவரை அதற்காகத் துன்புறுத்துவது அவையின் உரிமை மீறல். குழுவின் அமர்வுகள் மூடிய அறையில் நடப்பவை. எனவே முறைகேட்டை வெளிப்படுத்திய ஊழியரைக் குழுவே சாட்சியாக அழைத்தால், அன்றிலிருந்து அவர் மீது பாயும் குறிப்பாணை அவையின் மீது பாய்ந்ததாகும். தூங்கும் சட்டம் விழிக்கும்வரை காத்திராமல் எந்தக் குழுத் தலைவரும் இதைச் செய்யலாம். செலவில்லை, அறிவிக்கையும் வேண்டாம்.

மக்களவையின் மனுக்கள் குழுவுக்குக் குடிமகன் எவரும் எழுதலாம். நான் ஓய்வுபெற்றவன், 20ஆவது விதி இனி என்னைக் கட்டாது. எங்கள் தொகுதி உறுப்பினர் வழியாக அனுப்ப ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அதில் மூன்று கேள்விகள். 2014ஆம் ஆண்டின் 17ஆவது சட்டத்தை எந்த நாளில் நடைமுறைப்படுத்துவதாக அரசு உறுதி தருகிறது? முறைகேட்டைப் புகார் செய்த ஊழியர்களுக்கு எதிராக மத்தியத் துறைகளும் ஒன்றியப் பகுதி நிர்வாகங்களும் இன்று நடத்திவரும் மேல்முறையீடுகள் எத்தனை? அவற்றில், ஊழியர் ஓய்வுபெற்ற பிறகும், இறந்த பிறகும், தொடர்ந்து நடப்பவை எத்தனை?